பின் இருக்கையின் உயரம்

அன்பும் அதட்டலும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு,

நேற்று, சனிக்கிழமை, காலை சரியாக ஐந்து ஐம்பதுக்கு வந்த ஒரு செய்தி தொடர்பாக உன் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். அத்தானின் முழங்கால், பிள்ளைகளின் பரீட்சை, எதிர் வீட்டுக்காரரோடு உனக்கு நடக்கும் தண்ணீர்த் தகராறு ஆகிய மூன்றும் நல்லபடி முடியட்டும்.

செய்தி வந்தபோது பஸ்ஸில் இருந்தேன். "தம்பதிகளுக்கான இரட்டை சைக்கிள் தயார். பின் இருக்கையைப் பொருத்த மேடத்தின் உயரத்தைத் தெரிவிக்கவும்" என்று விடுதியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். 'நீ சும்மா இரு, நான் பண்றேன்' என்று என் போனைப் பிடுங்கி இந்த சைக்கிள் சுற்றுலாவைப் பதிவு செய்தவள் நீ. பழைய பழக்கத்தில் அது தானாக 'இருவர்' என்று நிரப்பிக்கொண்டதை நீ கவனிக்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, அப்போது நீ அழுதுகொண்டிருந்தாய். தப்பு என் பேரில்தான். லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியரிடம் யாராவது அளவு கேட்டால் கை தானாகப் பதில் சொல்லிவிடுகிறது. "ஐந்தடி இரண்டு அங்குலம்" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

விடுதி அறையில் இரண்டு டவல்களைக் கொக்கு மாதிரி மடித்து, மூக்கும் மூக்கும் முட்ட வைத்திருந்தார்கள். குளித்துவிட்டு ஒரு கொக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். இன்னொன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இறங்கினால் வழிகாட்டிப் பையன் (பையன் என்றால் நாற்பது வயது, கால்சட்டை மட்டும் பையனுடையது) கேட்டான்: "மேடம் வரலையா சார்?" வரமாட்டாங்க என்றேன். "தூங்கட்டும் சார். எங்க வீட்லயும் இதே கதைதான். ஊர் சுத்தணும்னு உசுர வாங்குவா, விடிஞ்சா போர்வைக்குள்ள!" என்று என் முதுகில் தட்டினான். விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். எதிரே இருப்பவர் முகம் தொங்கிவிடும், அப்புறம் நான்தான் தண்ணீர் கொடுத்து அவரைத் தேற்ற வேண்டும். ஏழு மாதமாக அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் லீவு போடலாமே என்று வாயை மூடிக்கொண்டேன். விடுதி அம்மா இரண்டு டப்பா சாப்பாடு கட்டிக் கையில் கொடுத்தார்.

கூட வந்தவர்கள் மூன்று பேர், ஒரே அலுவலகத்து மேலாளர்கள். அமைதியைத் தேடி வந்திருந்தார்கள். கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி, "என்ன அமைதி! என்ன அமைதி!" என்று கத்தினார்கள். மரத்தில் நிஜக் குருவி கத்துது, இவங்க ஸ்பீக்கர்ல குருவி சத்தம் போட்டுக் கேக்குறாங்க. அதில் ஒருத்தர் சைக்கிள்ல நூறு கிராம் குறைக்க இரண்டு வருஷமா ஊர் ஊரா பாகம் தேடினாராம். அந்த நூறு கிராமை இடுப்பில் தேடியிருந்தா இரண்டே நாள்ல கிடைச்சிருக்கும். ஒரு ஏற்றத்துல என் சைக்கிளைப் பாத்து, "ஒத்தை ஆளா இதையா இழுக்கிறீங்க? பாவம்!" என்று சொல்லிட்டு முந்திப் போனார். அடுத்த வளைவுல அவரை விடுதி வேனில் ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

அக்கா, ஆளில்லாத வண்டி லேசா இருக்கும்னுதானே நினைப்ப? லிஃப்ட்ல காலிப் பெட்டி மேல போறப்பதான் பிரேக்குக்கு வேலை அதிகம். எதிர்ப்பக்கத்து எடை இழுத்துக்கிட்டு ஓடும், பிடிச்சு நிறுத்தணும். இந்த சைக்கிளும் அந்த ஜாதிதான். இறக்கத்துல பின்பக்கம் நிலத்துல ஒட்டாம துள்ளுது. அதோட ரெண்டு பேர் மிதியையும் ஒரே சங்கிலியால கட்டியிருக்கான். நான் மிதிச்சா பின்னாடியும் மிதி சுத்தும், ஆள் இருந்தாலும் இல்லாட்டியும். நான் நிறுத்தினா அதுவும் நிக்கும். ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே போனேன்.

முதல்ல ஒரு டிராக்டர்க்காரர், "சார்! பின்னாடி ஆளு விழுந்துட்டாங்க!" என்றார். கை ஆட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் வேலி கட்டிக்கிட்டு இருந்தவங்க நாலு பேர், "ஒண்ணு குறையுதே!" என்று சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மூணாவதா ஒரு பஸ் நிறுத்தம். ஒரு அம்மா கையில பையோட நடு ரோட்டுக்கே வந்து மறிச்சாங்க.

"நில்லுப்பா! பின்னாடி இருந்தது யாரு?"

"என் மனைவிங்க." அளவு கேட்ட மாதிரிதான், பதில் தானா வந்துருச்சு.

"எங்க அவ?"

"இல்லைங்க."

"இல்லைன்னா? எங்கயோ விழுந்து கிடக்கிறா, நீ பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டு வர்ற! தலையில தொப்பி வேற! கூட வர்றவ இருக்காளா இல்லையான்னு ஒரு தடவை திரும்பிப் பாக்க மாட்ட? கல்யாணம் எதுக்குப் பண்ணின? நிக்கிறான் பாரு மரம் மாதிரி! திரும்பு! போ, போய்ப் பாரு!"

ஏழு மாசமா என்னை யாரும் திட்டலை அக்கா. நீகூட 'சாப்பிட்டியாடா'ன்னு ஆஸ்பத்திரிக் குரல்ல கேக்குற. என் மேனேஜர் என் தப்பையெல்லாம் அவரே திருத்திட்டு, 'பரவால்ல, பரவால்ல'ங்கிறார். அத்தான் வாசல் கேட்டைத் தாண்டி நடந்ததில்லை, அவர் சொல்றார், வேர்த்தா மனசு லேசாகும்னு. எல்லாரும் ஒரே வார்த்தை: முன்னால பாரு, முன்னால பாரு. அந்த அம்மா மட்டும்தான் புருஷனைத் திட்டுற மாதிரி திட்டினாங்க. வண்டியைத் திருப்பினேன். வந்த வழியிலேயே மெதுவா போனேன். ஓரத்துப் பள்ளம், புதர், பாலத்துக் கீழ, எல்லாம் இறங்கி இறங்கிப் பாத்தேன். அவ இருக்க மாட்டான்னு தெரியும், என் மூளைக்கு ஒண்ணும் ஆகலை. இருந்தாலும் பாத்தேன். டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்தி, "கிடைச்சாங்களா?"ன்னு கேட்டார். இன்னும் இல்லைன்னேன். பாலத்துக்கிட்ட, எப்ப விழுந்ததுன்னே தெரியாத என் தண்ணி பாட்டில் கிடைச்சது. அங்கேயே உட்கார்ந்து ரெண்டு டப்பாவையும் தின்னுட்டு, நல்லா சத்தம் போட்டு அழுதேன். அமைதியைத் தேடி வந்த மூணு பேரும் அந்த நேரம் பாத்து அங்க வந்துட்டாங்க. ஸ்பீக்கரை நிறுத்திட்டாங்க.

ஆகவே அக்கா, இந்த ஓய்வுப் பயணத்தால் பயன் ஏதும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். உட்காரும் இடம் வீங்கியிருக்கிறது. இனி ஆயுசுக்கும் சைக்கிள் தொடமாட்டேன். நீ சொன்னபடியே நாளைக் காலை லாரி அனுப்பலாம். வீட்டைக் காலி செய்து உன் வீட்டு மாடி அறைக்கே வந்துவிடுகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவளுடைய துணிமணிகளை நீ யாருக்குக் கொடுப்பதாக இருந்தாயோ அவர்களுக்கே கொடுத்துவிடு. எனக்கு ஆட்சேபம் இல்லை.

அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, மாமா மாதிரி அளவாகப் பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்து எழுதிப் பாஸாகும்படி ஆசிகள்.

உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில், அடுத்த வாடிக்கையாளருக்காகப் பின் இருக்கையை ஏத்த வழிகாட்டி ஸ்பேனரோட வந்தான். நான் அவன் கையைப் பிடிச்சுட்டேன். அப்பதான் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் தொங்கலை. ஸ்பேனரைப் பையில போட்டுட்டு, "அப்ப ரெண்டு டப்பாவும் நீங்களேவா சார்?" என்றான். அவன் இன்று உன் ஊருக்கு வருகிறான், கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன், சாப்பாடு போட்டு அனுப்பு. லாரி வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்காதே. துணிமணி அலமாரியைத் தொடாதே. இருக்கையை ஏத்தாம, அதே உயரத்துல, இந்த சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கிட்டேன். இதிலேயே வீட்டுக்கு வர்றேன், எத்தனை நாள் ஆனாலும் சரி. வழி முழுக்க ஜனங்க பின்னாடி யாருன்னு கேப்பாங்க, நான் சொல்லிக்கிட்டே வருவேன். உனக்குக் கோபம் வரும்னு தெரியும். திட்டணும்னா ரோட்டுல வந்து நின்னு திட்டு அக்கா, நல்லா திட்டு. போனை அணைச்சுட்டேன்.