ஊதாக்கல் மீதான பராமரிப்பு உரிமை

சாவை ஒழுங்குபடுத்த எத்தனையோ நாகரிகங்கள் முயன்று தோற்றிருக்கின்றன. சாகப்போகிறவர் எதிரே உட்கார்ந்து ஆரோக்கியமாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேலையை முடித்துவைக்கும் மேன்மை ஸ்வீடனுக்கு மட்டுமே வாய்த்தது. 'மரணத் துப்புரவு' என்று அதற்குப் பெயர். நாம் போன பிறகு பிள்ளைகள் நம் சாமான்களோடு அல்லாடக்கூடாதே என்ற கருணையால், இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒழித்துவைத்துவிடுவது.

லூலியோ நகரத்து மார்கிட்டுக்கு எழுபத்தாறு வயதாகியும் அந்தக் கருணை சுரக்கவில்லை. அதனால் மகள் பெர்னில்லா இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், சான்றிதழோடு திரும்பி, அம்மாவின் சார்பில் தானே கருணை கொண்டாள்.

"இது முழுக்க முழுக்க உன் முடிவா இருக்கணும்மா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு முடிவெடுக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் காலணிகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, பிள்ளைகள் இருவரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைமை பெர்னில்லா. நோட்டில் குறிப்பு எழுதுவது அவள் தம்பி உல்ரிக். மார்கிட்டுக்குச் 'சரிபார்ப்பவர்' பதவி: வாக்களிக்க முடியாது, குறிப்பில் விட்டுப்போனதைச் சேர்த்துக் கடைசியில் கையெழுத்துப் போடலாம். மிகவும் கௌரவமான பதவி.

மீன் தட்டுகள் தர்மக் கடைக்குப் போயின. காலமான அப்பாவின் பனிச்சறுக்குக் கட்டைகளும் பின்னாலேயே போயின. நிகழ்ச்சி நிரலின் நான்காவது பொருள் மார்கிட்டின் கழுத்தில் இருந்தது.

கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் வெள்ளி வளையம். முன்பக்கம் புறாமுட்டை அளவில் ஓர் ஊதாக் கல். அறுபத்தெட்டாம் வருஷத்து வேலைப்பாடு. போன வருஷம் வரை அந்த வீட்டில் அதற்கு 'நாய்ப்பட்டை' என்று பெயர். பள்ளி விழாவுக்கு அம்மா அதைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது என்று பெர்னில்லா சின்ன வயதில் தரையில் புரண்டு அழுதிருக்கிறாள். பிறகு ஓர் அருங்காட்சியகம் அதைச் செய்த பட்டறையின் நகைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. பத்திரிகைகள் அட்டையில் போட்டன. நாய்ப்பட்டை 'விண்டேஜ்' ஆயிற்று. அம்மாவின் கழுத்தைப் பார்த்தாலே பெர்னில்லாவுக்குக் கண் கலங்க ஆரம்பித்தது.

"அப்பா உனக்கு ஆசையா வாங்கிக் குடுத்தது," என்றான் உல்ரிக்.

"உங்கப்பா ஆசையா வாங்கிக் குடுத்தது வேக்வம் கிளீனர்டா. இது நானே வாங்கினது. கார் ஓட்ட லைசென்ஸ் கிடைச்ச அன்னிக்கு."

உல்ரிக்கின் பேனா நின்றது. "இதைக் குறிப்புல போடணுமா அக்கா?"

"வேண்டாம். அப்பா குடுத்ததுன்னாதான் கதை நல்லா இருக்கு."

லைசென்ஸ் கிடைத்த அன்று துறைமுகத்தை மூன்று முறை காரில் சுற்றிவிட்டுத்தான் கடைக்குள் போனாள் மார்கிட். வெள்ளியின் குளிர்ச்சி தோள் எலும்பில் பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சாம்பல் கிண்ணத்தைக் கழுத்துல மாட்டிட்டியா?" என்று புருஷன் கேட்டான். தனக்கென்று அவள் வேறு எதுவும் வாங்காமல் இல்லை. வாங்கியதற்கு யாரிடமும் காரணம் சொல்லாதது இது ஒன்றுதான். கண்ணாடி பார்க்காமலே தினமும் காலையில் மாட்டிக்கொள்வாள்.

சண்டை தொடங்கியது. அந்த ஊர்ச் சண்டை விட்டுக்கொடுப்பதில்தான் தொடங்கும்.

"எனக்கு அவசியமே இல்லைக்கா. நீயே வெச்சுக்கோ."

"சேச்சே, நான் அப்படிப்பட்டவளா? நீ எடுத்துக்கோ."

"இல்லல்ல, நீ எடுத்துக்கோ."

மூன்றாவது சுற்றில் இருவர் காதும் சிவந்துவிட்டது.

"உனக்கு எதுக்குடா அது? கழுத்துல மாட்டிக்கப் போறியா?"

"ஏன், மாட்டக்கூடாதா? இப்ப ஆம்பளைங்களும் போடறாங்க!"

நாகரிகம் கைகொடுத்தது. உல்ரிக் விவாகரத்தானவன். அவன் பிள்ளைகள் ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் அவர்கள் அம்மாவிடம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆள் மாற்றம். பிள்ளைகளுக்கு ஒத்துவருவது நகைக்கு ஒத்துவராதா? கழுத்தணிக்கும் அதே 'பராமரிப்பு உரிமை' வகுக்கப்பட்டது. ஒரு வாரம் அக்கா, ஒரு வாரம் தம்பி. கோடை விடுமுறையில் ஆளுக்கு நாலு வாரம்.

"எனக்கு எந்த வாரம்?" என்றாள் மார்கிட்.

"உனக்குப் பார்வையிடும் உரிமை உண்டும்மா. நாங்க வர்றப்பல்லாம் எடுத்துட்டு வருவோம்."

"போன தடவை நீங்க வந்தது ஈஸ்டருக்கு. இது அக்டோபர்."

"அதான் சொல்றேன், இனிமே வர ஒரு காரணம் இருக்கும்ல?"

மார்கிட் பன்னைப் பிட்டு மெதுவாக மென்றாள்.

"சரி, ஒத்துக்கறேன். ஒரே ஒரு திருத்தம். இதைக் கழட்ட மாட்டேன். போட்டபடியே நானும் வரேன். ஒரு வாரம் உன் வீடு, ஒரு வாரம் இவன் வீடு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெட்டியோட வாசல்ல நிப்பேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. உல்ரிக் வீட்டு மாடியில் ஓர் அறை வாரம் விட்டு வாரம் காலியாக இருக்கிறது. அவன் நிமிர்ந்து பார்த்தால்கூடப் போதும். 'சும்மா சொன்னேன்டா' என்று சிரித்துவிடலாம். இந்த வயதில் இப்படி ஒரு எதிர்பார்ப்பா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

உல்ரிக் நோட்டையே பார்த்தான்.

"பழைய கல்லை இடம் மாத்திக்கிட்டே இருக்கக்கூடாதுன்னு எங்கயோ படிச்சேன்," என்றாள் பெர்னில்லா.

"ஆமாக்கா. எங்க வீட்டுல வேற ஈரம் ஜாஸ்தி. வெள்ளி கறுத்துடும்."

"அம்மா கழுத்துதான் அதுக்குப் பொருத்தமான இடம். எப்பவுமே நான் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உல்ரிக் உருக்கமாகப் படித்துக்காட்டினான்: "அன்னையின் மகிழ்ச்சியைக் கருதி, கழுத்தணி அவரிடமே இருக்கும்."

இப்படிப் பெருந்தன்மையான பிள்ளைகள் எந்தத் தாய்க்குக் கிடைப்பார்கள்! மார்கிட் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முதலிலிருந்து நிதானமாகப் படித்தாள். சரிபார்ப்பவர் என்ற முறையில், விட்டுப்போன ஒரு வரியை அடியில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்:

'கழுத்தணியைக் கேட்டவர்கள் இருவர். கழுத்தைக் கேட்டவர் எவருமில்லை.'