பறவைப் பாறையை வலம் வந்த கதை

திட்டம் போடுகிறவர்களை நம்பாதீர்கள். அதிலும் காகிதத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்குகிறவன் எதிரில் உட்கார்ந்திருந்தால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. எண்பதுகளின் ஆரம்பத்தில் அப்படி ஒரு படத்தை வரைந்தவன் நான்தான்.

அப்போது திருவண்ணாமலையில் என் தங்கை விஜயாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாம் கேசரியையும் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போயி தகவல் சொல்றோங்க" என்று கிளம்பினார்கள். தகவல் வரவில்லை. எங்கள் வீட்டில் பஜ்ஜி வாசனை கிளம்பினாலே தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். மறுநாள் குழாயடியில், "இன்னா விஜயா, நேத்து வந்தவங்க இன்னா சொன்னாங்க?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள் (அக்கறையாம் அக்கறை!). ஒருநாள் அவள் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"இன்னொரு தடவ என் கையில தட்டக் குடுத்து அனுப்பினீங்கன்னா, வந்தவங்க தலையிலயே கவுத்துடுவேன். சொல்லிட்டேன்."

செய்யக்கூடியவள்தான். வீடே பயந்து போயிருந்த அந்த நேரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சேகர். புதுச்சேரியில் வேலை, கெட்ட பழக்கம் இல்லை. இதையும் கோட்டைவிட்டால் விஜயா கல்யாணப் பேச்சையே எடுக்க விடமாட்டாள் என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த என் மூளை வேலை செய்தது.

கடலோரத்தில் ஒரு பூங்கா இருந்தது. ஆள் உயரத்துக்கு அலை எழும்பும் கடற்கரை. கரையை ஒட்டி ஒரு பாறைக்குன்று, அதில் ஆலாக்களும் கடற்காகங்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். குன்றைச் சுற்றிப் பார்க்க வட்டமாக ஒரு பாதை. சாலைப் பக்கம் ஒரு கேட்டு, கடல் பக்கம் ஒரு கேட்டு. இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு கேட்டில் நுழைந்து, எதிரெதிராக நடந்து, பறவை பார்க்கும் சாக்கில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் தெருவில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

சேகருக்கு டிரங்கால் போட்டுச் சொன்னேன். "நாங்க வலமா வர்றோம். நீங்க இடமா வாங்க. நான் மஞ்ச சட்ட."

"நான் சாம்பல் கலர் சஃபாரிங்க," என்றார் அவர்.

போட்டோவை நம்ப வழியில்லை. ஸ்டுடியோக்காரர் விஜயாவின் படத்துக்குச் செய்த டச்சப்பில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் இந்தச் சட்டை ஏற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் போய் இறங்கினோம். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அலைமேல் ஒரு வெள்ளைக்காரன் பலகையில் நின்று சறுக்கிக்கொண்டிருந்தான்.

"அய்யோ பாவம்," என்றாள் அம்மா. "கப்பல் ஒடஞ்சி போச்சாடா?"

அப்பா கடலைப் பார்க்கவில்லை, குன்றைப் பார்த்தார். பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டார். அம்மாவும் கழற்றினாள்.

"அப்பா, இது பறவைங்க இருக்கற பாறப்பா."

"மலை மலதான்டா," என்றார் அப்பா. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போன கால், குன்றைக் கண்டால் தானாக நடக்கும். நான் மட்டும் புது ஷூவோடு நடந்தேன்.

பாதி வட்டம் போனோம். ஒருவரும் எதிரே வரவில்லை. முழு வட்டமும் முடிந்தது. அப்போதும் வரவில்லை. அப்பா திருப்தியாக, "ஒரு சுத்து ஆச்சி," என்றார். "ஒரு சுத்தோட நிறுத்தக்கூடாதுங்க, மூணு சுத்தாவது சுத்தணும்," என்றாள் அம்மா. விஜயா என்னை முறைத்தாள். நான் பறவைகளைப் பார்த்தேன். அவை என் சட்டையில் குறி பார்த்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். குன்றுக்கு அந்தப் பக்கம் சேகர் தன் அம்மாவிடம் இடமாகச் சுற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர். "இன்னாடா பேசற? மலைய எடமா சுத்தற பாவத்த எங்க வம்சத்துல யாரும் செஞ்சதில்ல!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு வலமாகக் கிளம்பிவிட்டார். அங்கே அவர்கள் வலம், இங்கே நாங்கள் வலம். இரண்டு பக்கமும் அதே கிரிவல நடை. நடுவில் குன்று. இப்படியே போனால் அறுபதாம் கல்யாணம் வரைக்கும் சந்திக்க முடியாது. கூப்பிடலாம் என்றால் அலைச்சத்தமும் பறவைக் கூச்சலும் சேர்ந்து என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இரண்டாவது சுற்றும் முடிந்தபோது காவலாளி வந்து, "சார், பறவ பாக்க வந்தீங்களா, வேண்டுதலா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு சுற்றுலாக் கூட்டம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்தியோடு வந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் கற்பூரம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எனக்குக் கால் வலிக்குது. நான் இங்கயே உக்காந்துடறேன்," என்றாள் விஜயா.

"நீ உக்காந்தா காரியம் கெட்டுடும்டி!" என்றேன்.

"இப்ப மட்டும் ரொம்ப வாழுதா?" என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் மூன்றாவது சுற்றை முடிக்கப் போய்விட்டார்கள். சாமி காரியம், நிறுத்த முடியாதாம்.

நான் ஓடினேன். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்துவிடலாம் என்பது புதுத் திட்டம். கடல் பக்கத் திருப்பத்தில் ஒரு அலை வந்து என்னை மடக்கி உட்காரவைத்து, ஒரு ஷூவைக் கழற்றிக்கொண்டு போனது. எழுந்து பார்த்தால், ஆகா, எதிரே சாம்பல் நிற சஃபாரி! பாய்ந்து கையைப் பிடித்து, ஒரு வாரமாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொன்னேன்.

"அட, நீங்களா! என்ன ஆச்சரியம்!"

அந்த மனிதர் என்னைக் கட்டிப்பிடித்தார். "அடடே, நம்ம திருவண்ணாமலைத் தம்பி! எவ்ளோ நாளாச்சி! அப்பா நல்லா கீறாரா?" அவர் சேகர் இல்லை. அவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை (ஊர்ப் பெயரை எங்கள் வாடகைக் காரில் படித்திருப்பார்). ஆனாலும் கையை விடவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக நலம் விசாரித்தார். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டார். அழுகை வந்துவிட்டது.

அதற்குள் கல்லில் உட்கார்ந்திருந்த விஜயாவிடம் ஓர் அம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றிருக்கிறார். பின்னால் உண்மையான சாம்பல் சஃபாரி.

"யம்மா, இந்தப் பக்கம் ஒரு குடும்பம் பொண்ணோட போச்சா? சுத்திச் சுத்திப் பாக்கறோம், காணலியே."

விஜயாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பொட்டலத்தை நீட்டினாள். "உக்காருங்கம்மா. பொண்ணு பாக்க வந்தீங்களா? பையன் எப்படி, கோவக்காரரா?"

"அய்ய, அவனா? வாயில்லாப் பூச்சி."

"வீட்டு வேல எதனா செய்வாரா?"

"காபி நல்லா போடுவான்மா. எனக்கே அவன்தான் போட்டுக் குடுப்பான்."

"தட்ட எடுத்துனு வந்து நிக்கச் சொல்லுவாரா?"

சேகருக்கு அப்போது புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்ல மாட்டேங்க," என்றார்.

"பொண்ணோட அண்ணன் மஞ்ச சட்டையில வருவார்னாங்க," என்று அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். ஒரு காலில் ஷூ, தலையெல்லாம் மணல், சட்டை முழுக்கப் பறவைகளின் ஆசீர்வாதம்.

"அதோ வரார்," என்றாள் விஜயா. "வரும்போது மஞ்சளாத்தான் இருந்துச்சிங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயில் கையை வைத்தார். "அடிப் பாவிப் பொண்ணே! நீதானா அது?" நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் விஜயா எழுந்து நின்று, "எனக்குப் புடிச்சிருக்குங்க," என்றாள். மூன்றாவது சுற்றை முடித்துவிட்டு வந்த அப்பாவும் அம்மாவும் கேட்ட முதல் வார்த்தை அதுதான். அதுவரை அவளைப் பிடித்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அவள் முந்திக்கொண்டாள். அம்மா அழுதாள். எனக்கும் கண்ணைக் கரித்தது (உப்புத் தண்ணீர் என்று சொல்லிவைத்தேன்).

கல்யாணத்தில் அக்கினியை வலம் வரும்போது சேகர் மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "பயப்படாதீங்க மச்சான், இந்தத் தடவ சேந்துதான் சுத்தறோம்," என்றார். இன்றைக்கும் கிரிவலக் கூட்டத்தில் எங்கள் வீட்டு ஆள் யாராவது தொலைந்தால், "ஓடாத, மாமா மாதிரி ஆயிடும். விஜயா மாதிரி உக்காரு," என்றுதான் சொல்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கல்யாணத்துக்குச் சாம்பல் சஃபாரியில் ஒருவர் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீடு என்று எங்கள் வீட்டார் நினைத்தார்கள், பெண் வீடு என்று அவர்கள் நினைத்தார்கள். அன்று கடற்கரையில் என் வாயைக் கிளறித் தெருவை விசாரித்துவைத்திருந்தாரோ என்னவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். குடும்பப் போட்டோவில் என் பக்கத்தில் நிற்கிறார். விஜயா மகளின் காதுகுத்துக்கும் வந்தார், கல்யாணத்துக்கும் வந்தார். யாருக்கு உறவு என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. என்னைப் பார்த்ததும் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சொல்வார்:

"அட, நீங்களா! என்ன ஆச்சரியம்!"