ஷூ போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போனேன்

இந்த ஊரை விட்டு ஓடிவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் சோப்பு நுரையோடு முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை எல்லாம் நான் சவரம் செய்யும்போதுதான் எடுப்பது வழக்கம். என் மனைவி லோர்னா குறுக்கே பேசாத நேரம் அது ஒன்றுதான். கத்தி என் கையில் இருக்கும்.

ஊரின் பெயர் டன்னர்ஸ் வளைவு. மரே ஆறு இங்கே வந்து சோம்பலாக ஒரு திருப்பம் திரும்பிவிட்டுப் போகிறது. இந்த ஊரில் நடக்கிற ஒரே சம்பவம் அதுதான். இக்கரையில் வீடுகள், ஒரு பப், ஒரு கடை. மற்ற எதற்கும் அக்கரைக்குப் போக வேண்டும். இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார்களைச் சுமந்தபடி ஒரு ஃபெர்ரி போய்ப் போய் வரும். பாலம் கட்டலாமே என்று வந்த புதிதில் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அடிலெய்டில் பஸ் ஓட்டினவன் நான். ஓய்வு பெற்றதும் லோர்னா சொன்னாள், "ஒரு வருஷம் ஆத்தங்கரைல வாடகைக்கு இருந்து பார்ப்போம் மெர்வ். பிடிக்கலேன்னா திரும்பிடலாம்." யாருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் ஆர்வின் லிண்ட்னர் நல்ல மனிதர். வாடகையை ஏற்ற மாட்டார், எதையும் பழுது பார்க்கவும் மாட்டார். வாசல் படியில் ஒரு பலகை ஆடுகிறது என்று குடிவந்த அன்றே சொன்னேன். "ஆமா, அது ஆடும்" என்றார். கூடத்துச் சுவரில் என் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. எப்போதோ வெள்ளம் வந்து நின்ற அடையாளம். அதன்மேல் வண்ணம் பூசக்கூடாது என்பது வாடகை நிபந்தனை. மூழ்கிப்போன வீட்டில் இருக்கிறோம் என்பதை நான் தினமும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

மற்றபடி அமைதி. காலையில் ஒரு கூழைக்கடா வந்து படித்துறையில் நிற்கும். சாயங்காலம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. லோர்னாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பாட்டுக் குழுவில் சேர்ந்தாள், ஆற்றில் நீந்தினாள், ஊரில் எல்லோருக்கும் அவள் லோர்னா. எனக்கு மட்டும் பெயர் இல்லை. நான் 'லோர்னாவோட வீட்டுக்காரர்'. வீட்டுக்காரர் என்றால் லிண்ட்னர், நானோ அவருடைய வாடகைக்காரன். அந்தப் பட்டமும் சொந்தமில்லை.

திட்டம் எளிமையானது. வீட்டு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் நகரத்தில் ரகசியமாக ஒரு ஃப்ளாட் பிடித்து, சாவியை மேஜைமேல் போட்டு, "கிளம்பு" என்று சொல்லிவிடுவது. பேச்சுக்கே இடம் கிடையாது. பேச்சு என்று வந்தால் தோற்பது நான் என்பதால் திட்டத்தில் பேச்சையே எடுத்துவிட்டேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"புல் வெட்டுற மெஷினுக்கு பிளேடு வாங்கணும்."

"சரி."

எதிர்க்கேள்வி இல்லாத சரி. கல்யாணமான எந்த ஆணும் அந்த இடத்திலேயே திட்டத்தைக் கைவிட்டிருக்க வேண்டும். நான் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். நகரத்து ஏஜென்ட் முன்னால் ரப்பர் செருப்போடு நின்றால் மதிப்பார்களா?

ஃபெர்ரி ஓட்டுகிற டேரில் என் கார் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, ஷூ! யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலப்பா."

"அப்ப கோர்ட்டா? ஏதாவது வேகமா ஓட்டி மாட்டிக்கிட்டியா?"

"நான் பஸ் டிரைவர்யா. வேகமா ஓட்டினேன்னு சொன்னா ஜட்ஜே நம்ப மாட்டார்."

"அப்ப…" அவன் குரல் இறங்கியது. "டாக்டரா? பெரிய டாக்டரா?"

இந்த ஊரில் ஓர் ஆண் ஷூ போட மூன்றே காரணங்கள்தான் உண்டு. இரண்டை நானே மறுத்துவிட்டேன். "ம்" என்று சொல்லி வைத்தேன். டேரில் ரேடியோவை அணைத்துவிட்டான். அக்கரை வந்ததும் என் கார் கூரையைத் தட்டி, "தைரியமா போய்ட்டு வா" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததோ என்னவோ, நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஃப்ளாட் சொர்க்கம். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பஸ் டெப்போ. பிரேக் பிடித்து ஒரு பஸ் 'புஸ்' என்று மூச்சுவிட்டது. என் மூச்சும் அப்போதுதான் சீரானது. என்னோடு வீடு பார்க்க வரிசையில் நின்ற கூட்டம் முகத்தைச் சுளித்தது, நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் பெண்ணுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

"வெள்ளிக்கிழமை சொல்றோம் சார். இப்ப இருக்கிற வீட்டு ஓனர்கிட்ட உங்களைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிப்போம்."

"தாராளமா விசாரிங்க" என்றேன். லிண்ட்னர் போனை எடுப்பதே அபூர்வம் என்கிற தைரியம்தான்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் புல் வெட்டியிருந்தது. யாரோ வந்து வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளி மேஜையில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஆப்ரிகாட் போட்டு வேகவைத்த கோழி, மக்ரோனியும் மீனும் சீஸும் சேர்த்துச் சுட்டது, தேங்காய்ப் பூ தூவிய லாமிங்டன் கேக். நடுவே லோர்னா கைகட்டி நின்றாள்.

"பிளேடு எங்க?"

மறந்துவிட்டேன். அதைச் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"டாக்டர் என்ன சொன்னார் மெர்வ்? டேரில் எல்லாம் சொல்லிட்டான். எங்கிட்ட ஏன் மறைச்ச? நான் பயந்துடுவேன்னா?"

அடடா, தப்பிக்க அவளே வழி காட்டுகிறாளே என்று நினைத்தேன். "ஆமா, நீ பயந்துடுவேன்னுதான்."

"இதயமா?"

"இதயம்தான். சின்ன விஷயம்."

"பரபரப்பு கூடாதுன்னிருப்பாரே?"

"கூடவே கூடாதுன்னார்."

"சத்தம்?"

"சத்தமும் ஆகாதாம்."

"அமைதியான இடமா, ஆத்துக் காத்து வர்ற மாதிரி இருக்கணும்னு சொன்னாரா?"

"அச்சு அசல் அதையேதான் சொன்னார்" என்று என் வாய் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

"பீர்?"

"அதைப் பத்தி அவர் ஒண்ணும்…"

"மெர்வ்."

"வேண்டாம்னார்."

"நடக்கணும்னு சொல்லியிருப்பாரே?"

"நிறைய நடக்கணுமாம்."

ஃப்ளாட்டுக்குச் சாவி வாங்கப் போனவன், ஆற்றங்கரையில் ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டு நின்றேன். தீர்ப்பும் என் வாயாலேயே சொன்னதுதான். அன்று இரவு லோர்னா ஆப்ரிகாட் கோழி சாப்பிட்டாள். எனக்கு உப்பில்லாத பூசணிக்காய்.

மறுநாள் காலை ஒரு பை நிறையக் கழுவிய பாத்திரங்களை என் கையில் கொடுத்தாள். "நடக்கணும் இல்ல? இதையெல்லாம் அவங்கவங்க வீட்ல குடுத்துட்டு வா. அடியில பேர் ஒட்டியிருக்கும்."

கவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவில் ஒரு பெயர். இந்த ஊரில் பாத்திரம் போன வீட்டிலிருந்து திரும்பி வந்தாக வேண்டும். கொண்டுபோகிறவன் வாசலோடு திரும்பவும் முடியாது. கடைக்காரர் தன் நெஞ்சில் ஆபரேஷன் செய்த தழும்பைச் சட்டையைத் திறந்து காட்டினார், நான் என்னுடையதைக் காட்டும்வரை விடமாட்டார்போல இருந்தது. டேரிலின் மனைவி, தன் கணவன் என்னால் நேற்று சரியாகச் சாப்பிடவில்லை என்றாள். ஒரு பாத்திரத்தைக் கொடுத்தால் இரண்டு பாத்திரம் திரும்ப வந்தது. பை கனத்துக்கொண்டே போனது.

பஸ்ஸில் எத்தனை ஆயிரம் பேரை ஏற்றி இறக்கியிருப்பேன். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது, என் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடியில் தெரிகிற தலைகள், அவ்வளவுதான். அதைத்தான் கலகலப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு வருஷம் வாசலில் உட்கார்ந்து ஆற்றை முறைத்திருக்கிறேன். ஊர் அமைதியாக இருந்ததா, நான்தான் யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்தேனா என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகவில்லை.

வியாழக்கிழமை லிண்ட்னர் சுத்தியலோடு வந்து, ஆடுகிற பலகையை அறைந்து இறுக்கினார். "நெஞ்சுக்காரன் தடுக்கி விழக்கூடாது பாரு" என்றார். ஏறி நின்று பார்த்தேன், ஆடவில்லை.

அன்று மாலை க்ளெனிஸ் வீட்டுக்கு லாமிங்டன் தட்டைக் கொண்டுபோனேன். எண்பதைத் தாண்டியவள், தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு வெளியே ஒரு டயர் தெரிந்தது. என் கால் தானாக அங்கே போனது. பாயைத் தூக்கினால் பஸ். சின்னது, கிழடு, ஆனால் பஸ்.

"ஊர் பஸ்ஸு" என்றாள் க்ளெனிஸ். "அக்கரைக்குக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் எங்களைக் கூட்டிட்டுப் போகும். ஓட்டுறவர் மகன் வீட்டோட போயிட்டார். அதோட நாங்க எங்கயும் போறதில்ல."

"நான் ஓட்டறேன் க்ளெனிஸ்!"

"நீயா? ஐயோ, வேண்டவே வேண்டாம். உன் இதயம்!" என் நெஞ்சில் கை வைத்துத் தடவிக் கொடுத்தாள். "பாவம், அதுக்கு இன்னும் எத்தனை நாளோ."

அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஹாரனை ஒரு தடவை அமுக்கினேன். நல்ல ஹாரன். ஆற்றின் அக்கரைவரை போய்த் திரும்பி வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லுமாதிரி இருக்கிற ஓர் இதயத்தை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாமல் போன ஒரே டிரைவர் உலகத்தில் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் பெண் கூப்பிட்டாள். "ஃப்ளாட் உங்களுக்குத்தான் சார். உங்க ஓனர் உங்களைப் பத்தி அவ்வளவு உயர்வா சொன்னார். எப்ப சாவி வாங்கிக்கிறீங்க?"

லிண்ட்னர் போனை எடுத்திருக்கிறார்! எனக்கு வியர்த்தது. படித்துறையில் கூழைக்கடா நின்றுகொண்டிருந்தது. தெருவில் போன யாரோ "மெர்வ்!" என்று கையாட்டினார்கள். லோர்னாவின் வீட்டுக்காரர் இல்லை, மெர்வ்.

"வேண்டாம்மா" என்றேன். "வேற யாருக்காவது குடுத்துடுங்க."

ஒரு தியாகம் செய்துவிட்டு அதை மனைவியிடம் சொல்லாமல் இருக்க நான் மகான் இல்லை. சமையலறைக்குப் போனேன்.

"லோர்னா, உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

"அடுப்புல வேலை இருக்கு. நின்னே கேக்குறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ, ஃப்ளாட், டெப்போ, இல்லாத டாக்டர். அவள் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்."

"எது?"

"எல்லாம். செவ்வாக்கிழமை மத்தியானமே அந்தப் பொண்ணு லிண்ட்னருக்கு போன் பண்ணிட்டா. அவர் நேரா எங்கிட்ட வந்து என்ன சொல்லட்டும்னு கேட்டார். உள்ளதைச் சொல்லுங்க, நல்ல மனுஷன்னு சொல்லுங்கன்னேன்."

"நீயே சிபாரிசு பண்ணினியா?"

"நீ போகணும்னு நினைச்சா போக முடியணும் இல்ல மெர்வ்? உன்னைக் கட்டி வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"அப்ப அந்தப் பூசணிக்காய்?"

"அது பொய் சொன்னதுக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஊர்ல மத்தவங்களுக்கு?"

"செவ்வாக்கிழமை வந்த சாப்பாடு நோயாளிக்கு வந்தது. அன்னிக்குச் சாயங்காலமே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன். புதன்லேர்ந்து வந்ததெல்லாம் நீ போயிடக் கூடாதேன்னு வந்தது. போகாதேன்னு வாயால சொல்ல இவங்களுக்கு வராது, அடுப்பை மூட்டிடுவாங்க."

"க்ளெனிஸ் என் நெஞ்சைத் தடவிக் குடுத்தாளே!"

"அவ நாடகத்துல நடிச்சவ. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் இருந்தும் தெரியாது. என்மேல் இப்படி ஓர் ஆசை யாருக்காவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எழுந்து நின்று, குரலைச் சரி செய்துகொண்டு, குடும்பத் தலைவனாக அறிவித்தேன்.

"சரி லோர்னா. நான் முடிவு பண்ணிட்டேன். நாம இங்கேயே இருக்கலாம். லிண்ட்னர்கிட்ட சொல்லிடு."

லோர்னா அடுப்பைத் தணித்துவிட்டு, அன்றைக்கு முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன மாசமே சொல்லிட்டேன் மெர்வ். இன்னும் மூணு வருஷத்துக்கு வீட்டை எடுத்தாச்சு, என் பேர்ல மட்டும். நீயும் தங்கறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல."