எதுக்கு அண்ணாச்சியும் ஒரு வெள்ளை சார்ட்டும்

வந்த வாடிக்கையாளரை விரட்டி விரட்டியே கடையைச் செழிக்க வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். ராஜபாளையத்தில், என் மகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே நோட்டு, பென்சில், சார்ட் விற்கிறார். அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. அதை யாரும் வாசித்ததில்லை. எங்களுக்கு அவர் எதுக்கு அண்ணாச்சி. என்ன கேட்டாலும் "எதுக்கு?" என்பார். பதில் சரியில்லை என்றால் பொருள் கிடையாது.

ஒருமுறை ஒருவர் ஒன்றாம் வகுப்பு மகனுக்காகத் தெர்மாகோல் வீடு ரெடிமேடாகக் கேட்டார்.

"வீடு யாருக்கு?"

"பையனுக்கு அண்ணாச்சி. ப்ராஜெக்ட்டு."

"அப்போ தெர்மாகோல் தாரேன், அவன் வீட்டக் கெட்டட்டும். ஒனக்கு வீடு வேணும்னா கொத்தனாரப் போய்ப் பாரு."

அவர் முறைத்துக்கொண்டு போனார். மறுவாரமே திரும்பி வந்து நின்றார். பள்ளிக்கூடம் கேட்கிற அதே அளவு நோட்டு, அதே கோடு, வேறு கடையில் அவருக்குக் கிடைத்திருக்காது.

இன்னொரு அம்மா நான்கு கோடு நோட்டும், கொஞ்சம் வழுவழுவென்று எழுதுகிற பென்சிலும் கேட்டார். "வழுவழுன்னு எதுக்கு?" என்றார் அண்ணாச்சி. "இடது கைக்கு அதுதான்..." என்று அந்த அம்மா உளறிவிட்டார். விடுமுறைக்குக் கொடுக்கிற கையெழுத்துப் பயிற்சியைப் பெற்றவர்கள் இடது கையால் எழுதினால் பிள்ளை எழுதியது போலவே இருக்கும். இது ஊரறிந்த ரகசியம். அண்ணாச்சி கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஏம்மா, லீவு பிள்ளைக்கா, ஒனக்கா?" என்றார். அந்த அம்மா வேறு யாருமில்லை, நான்தான்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபீஸ். பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வீட்டுப்படி ஏறும்போது மணி ஏழு. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு போனைப் பார்த்தால், 'நாளை ஐந்து வகை இலை கொண்டுவரவும்' என்று வகுப்பு குரூப்பில் செய்தி இருக்கும். அந்த நேரத்தில் நான் எந்த மரத்தில் ஏறுவது? மூன்றாம் வகுப்பை நான் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை இவ்வளவு அலுப்பாக இல்லை.

ஆனால் ஒரு வலி இருந்தது. அதற்கு முந்தைய வருடம் பெற்றோர் தினத்தில் என் மகள் கெசியா மயிலைப் பற்றிப் பேசினாள். பேச்சு நான் எழுதியது, இங்கிலீஷில். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். நான் பின்வரிசையிலிருந்து உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் விம்மி அழுதாள். அதன்பிறகு வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னார். "வீட்ல நீங்க கொஞ்சம் கம்மியா ஹெல்ப் பண்ணுங்களேன்" என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இந்த வருடம் மூன்றாம் வகுப்புக்குத் தலைப்பு, 'நமக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' சார்ட் முன்னால் நின்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். இந்தத் தடவையும் அழுதுவிட்டால் பிள்ளை இனி மேடைப் பக்கமே போகமாட்டாள் என்று எனக்குள் ஒரே பயம். திங்கட்கிழமை விழா. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். சூரியன், மேகம், மழை, கடல் என்று அச்சடித்த சார்ட் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

"அண்ணாச்சி, அது ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"பிள்ளைக்கு, பெற்றோர் தினத்துக்கு."

"பிள்ளைய எங்க?"

"வீட்ல இருக்கா."

"கூட்டிட்டு வா."

வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தேன். அவர் அவளுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரு வெள்ளை சார்ட்டையும் கிரேயான் பெட்டியையும் அவள் கையில் கொடுத்து, ரகசியம் போலச் சொன்னார்: "இது வேற மாதிரி சார்ட்டு, பாத்துக்க. ஒங்கம்மா தொட்டா கலர் ஒட்டாது."

பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டாள். சனிக்கிழமை நான் பென்சிலை எடுத்தாலே, "அம்மா தொடாத, ஒட்டாது!" என்று அலறினாள். எனக்கு மிஞ்சியது கேள்விகளுக்குப் பதில் சொல்கிற வேலை மட்டும்.

"குழாய்க்குத் தண்ணி எங்கருந்து வருது?"

"மாடித் தொட்டியிலருந்து."

"தொட்டிக்கு?"

"கீழ்த் தொட்டியிலருந்து, மோட்டார் போட்டு."

"அதுக்கு?"

"தெருக் குழாயிலருந்து."

"அதுக்கு?"

இத்தனை வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவளுக்கு அதற்குமேல் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் காலை நீட்டலாம் என்றிருந்த என்னை, சர்ச் முடிந்ததும் அப்பாவும் மகளுமாக பைக்கில் ஏற்றி அய்யனார் கோவில் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மலையிலிருந்து வருகிற ஆற்றையும், ஊருக்காகத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணையையும் கெசியா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நானும்தான்.

நீல கிரேயான் பாதியில் நொறுங்கிவிட்டதால் அருவி, ஆறு, குழாய் எல்லாம் வயலட்டில் ஓடின. சார்ட்டின் ஓரத்தில் அணையைவிடப் பெரிதாக ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். யார் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கெசியா சார்ட் முன்னால் நின்றாள். எச்சில் விழுங்கினாள். என்னைத் தேடிப் பார்த்தாள். உதட்டை அசைக்கலாம் என்றால், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கே தெரியாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். தலைமை ஆசிரியை குனிந்து, அந்தப் பெண் படத்தைக் காட்டி, "இது யாரும்மா?" என்றார்.

"எங்கம்மா."

"அம்மாக்கும் தண்ணிக்கும் என்ன?"

"தொட்டி நெறஞ்சதும் எங்கம்மா கத்துவாங்க. அப்பத்தான் எங்கப்பா மோட்டார நிப்பாட்டுவாங்க."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மாடியிலிருந்து கீழே, தெருவுக்கு, ஆற்றுக்கு, அருவிக்கு என்று விரலை வைத்து மலைவரை போனாள். கடைசியில், "மலையில மழ பெய்யலன்னா எங்கம்மா கத்தவே மாட்டாங்க. அதனால மழ பெய்யணும்" என்று முடித்தாள். மானம் போன அந்த நிமிடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சாயந்திரம் நன்றி சொல்லக் கடைக்குப் போனேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, சும்மா வந்தேன்."

"சும்மா வாரதுக்கு இது என்ன பார்க்கா? ஏவாரம் நடக்கு, ஓரமா நில்லு." பிறகு பெட்டியைத் துழாவி ஒற்றை நீல கிரேயானை எடுத்து என் முன்னால் வைத்தார். "தண்ணிய வயலட்டுல விட்டிருக்கா. நீலம் ஒடஞ்சிருக்கும்."

"விழாவுக்கு வந்திருந்தீங்களா? கடையப் பூட்டிட்டா?"

"எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் வெட்கம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது எங்கள் தெருமுனையிலேயே ஒரு கடை வந்துவிட்டது. கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிறார்கள். ஆனாலும் கால் கடுக்க ஒரு ரப்பருக்குக்கூட அண்ணாச்சியிடம்தான் போகிறேன். ஆபீஸிலும் வீட்டிலும் எல்லோரும் என்னிடம் எப்போ முடியும், எப்போ முடியும் என்றுதான் கேட்கிறார்கள். எதுக்கு என்று கேட்க எனக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.