சிற்றாற்றில் நான் அலையேறிய கதை

பயந்த சுபாவக்காரன் பொய் சொல்லக் கூடாது. தைரியசாலி மாட்டிக்கொண்டால் எப்படியாவது சமாளிப்பான்; என்னைப் போன்றவன் சொன்ன பொய்யைச் செய்துகாட்டக் கிளம்பிவிடுவான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று வருஷம் துணி மடித்தவன் நான். அங்கே கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரர் நீளப் பலகைமேல் நின்றபடி அலையோடு வருவதை ஒருநாள் பார்த்தேன். (செருப்புக்கூட நனையாத தூரத்தில் நின்றுதான்.) ஊர் திரும்பி, தென்காசியில் பெண் எடுத்ததும், வெள்ளைக்காரரை எடுத்துவிட்டு அந்தப் பலகையில் என்னை ஏற்றிச் சொன்னேன். புது மனைவி கோமதி கண்ணை அகல விரித்தாள். உடனே அலையின் உயரத்தையும் கூட்டினேன்.

ஆடிக்கு மாமனார் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்து, சிற்றாறு செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் சங்கரன், மாமனாரின் பலசரக்குக் கடையிலிருந்து ஏழாம் பலகையைத் தோளில் தூக்கிவந்து நின்றான். (அப்போதெல்லாம் நம்பர் போட்ட பலகைகளை வரிசையாகச் சொருகித்தான் கடையைச் சாத்துவார்கள்.)

"அத்தான், கொழும்புல நின்ன மாதிரி இங்கன ஒரு தடவ நில்லுங்க. அக்காளும் பாக்க வாரா."

"ஆத்துல அலை கெடையாதுலே."

"இழுப்பு இருக்குல்லா! அது போதும்."

காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வரவில்லை.

படித்துறையில் கோமதி பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் ஏறினேன். நின்றேன் என்றுகூடச் சொல்லலாம், கண்ணிமைக்கும் நேரம். அப்புறம் பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாயெல்லாம் தண்ணீர். சாகும்போது பொய்யோடு போகக் கூடாதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்:

"கோமதி! கொழும்புல நின்னது நான் இல்லட்டி! வெள்ளைக்காரன்!"

சங்கரன் வந்தான். நீந்தி அல்ல, நடந்து.

"எந்திரிங்க அத்தான். முட்டளவுத் தண்ணிதான்."

பலகை அதற்குள் ஆற்று வளைவைத் தாண்டிவிட்டது. புதுப் பலகை வரும்வரை, மாமனார் மத்தியானம் சாப்பிடப் போகும்போதெல்லாம் ஏழாம் பலகை இல்லாத இடைவெளியில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார்.

"மாப்ள, இதுலயாவது விழாம இருங்க."

கோமதி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கேட்டாள்: "துணி மடிச்சதாவது நெசமா?" அவள் சேலை எட்டையும் மடித்துக்காட்டிய பிறகுதான் சிரித்தாள்.

இன்றும் ரயில் போய்விடுமோ, ரத்தப் பரிசோதனையில் என்ன வருமோ என்று நான் புலம்பத் தொடங்கினால், பேத்திவரை வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "முட்டளவா, கழுத்தளவா?"

யாரும் கேட்காமல் இருந்துவிட்டால்தான் கழுத்தளவோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது.