பூஜை மணியும் தாரிணியின் தொண்டையும்

என் அக்கா சாந்தா எட்டு வருஷமாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கையில் ஒரு தட்டோடு லிஃப்டில் இறங்கிக் கீழே கேட் வரைக்கும் போனாளாம். போகவில்லை. ஹைதராபாத் கொண்டாப்பூரில் நாலாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசற்படியையே அந்தத் தட்டு தாண்டவில்லை. தாண்டியிருந்தால் நான் வேட்டி பனியனோடு, கையில் பூஜை மணியோடு, பேகம்பேட்டில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையை அவள்தான் சொல்கிறாள். தன் பங்கை மட்டும் கழித்துவிட்டுச் சொல்கிறாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மத்திய அரசு ஃபேக்டரி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். பொருளைப் பார்த்து ‘இது தேறாது’ என்று திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அந்த ரிப்போர்ட்டுகளைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. பரவாயில்லை. ஒரு தடவையாவது கதை முழுசாக வெளியே வரட்டும்.

என் பெண் தாரிணிக்கு அப்போது ஒன்பது வயது. மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுப்பாள். டான்சிலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை எடுத்தார்கள், சனிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் என்னை நிற்கவைத்துச் சொன்னார். குழந்தை நிறையக் குடிக்க வேண்டும். தண்ணீர், ஆறின கஞ்சி, ஐஸ்கிரீம், எதுவானாலும் சரி. தொண்டையில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ரத்தம் தெரிந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதனால் சிவப்பு நிறத்தில் எதையும் கொடுக்கக் கூடாது, ரத்தமா இல்லையா என்று குழப்பம் வரும். கடைசியாக ஒன்று: ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஒன்றும் குடிக்கவில்லையென்றால் திரும்பக் கூட்டி வந்து ட்ரிப் ஏற்ற வேண்டும்.

ட்ரிப் என்ற வார்த்தையைக் கேட்டதும் தாரிணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவள் கையில் ஊசி ஏற்ற நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நானும் அந்த நாலு பேரில் ஒருவன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. இன்னொரு தடவை அது கூடாது என்று முடிவு செய்தேன். அவளைக் குடிக்கவைப்பது என் பொறுப்பு. ஃபேக்டரியில் எப்படியோ அப்படி.

முதலில் வீட்டில் இருக்கும் சிவப்பையெல்லாம் ஒழித்தேன். தக்காளி, மாதுளம்பழம், ஊறுகாய் பாட்டில், பாத்ரூமில் இருந்த சிவப்பு மக் எல்லாவற்றையும் பால்கனி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். என் மனைவி உமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“என் நெத்தில குங்குமம் இருக்கு. அதையும் அழிச்சிடட்டா?”

(உண்மையைச் சொல்கிறேன், ஒரு விநாடி யோசித்தேன்.)

அடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டினேன். அரை மணிக்கு ஒரு தடவை, இருமல் மருந்து மூடியில் ஐந்து மூடி. குடித்தால் டிக், பக்கத்தில் என் கையெழுத்து. பிறகு, தாரிணி வாயைத் திறந்து பேசக் கூடாது என்றும் உத்தரவு போட்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது. பேச்சுக்குப் பதிலாகப் பூஜை அறையிலிருந்து பித்தளை மணியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஒரு தடவை அடித்தால் தண்ணீர், இரண்டு தடவை அடித்தால் பாத்ரூம், மூன்று தடவை அடித்தால் வலி. என்ன அருமையான ஏற்பாடு என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன். சனிக்கிழமை முழுக்க மணி இரண்டு தடவை அடித்தது, மூன்று தடவை அடித்தது. ஒரு தடவை மட்டும் அடிக்கவே இல்லை. நான் மூடியைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். சார்ட்டில் ஒரு டிக் கிடையாது.

சாயங்காலம் போவன்பள்ளியிலிருந்து அக்கா வந்தாள். மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டை சுரைக்காய் கொண்டுவந்திருந்தாள். (ஒரு குழந்தைக்கு எத்தனை சுரைக்காய்?) அவள் எனக்கு ஒன்பது வயது மூத்தவள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவள். என் பக்கத்தில் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

“கைக்குடா கொழந்த தலைமேல போலீஸ்காரன் மாதிரி நிக்கற? நகரு. அவளே குடிப்பா.”

“நக்கோ. சார்ட் கெட்டுப்போவும்.” (எங்கள் ஊர்த் தமிழில் ‘கைக்கு’ என்றால் எதுக்கு, ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.)

“கண்ணு பட்டிருக்குடா. அபார்ட்மென்ட் மொத்தமும் வந்து பாத்துட்டுப் போயிருக்கு. ஒரு ஆரத்தி சுத்திப் போட்டா சரியாயிடும்.”

ஆரத்தி சிவப்பு. என் வீட்டில் சிவப்புக்கு இடமில்லை என்று கத்தினேன். அதோடு, கேட் பக்கத்தில் ஆரத்தி கொட்டினால் புது டைல்ஸ் கறையாகிறது என்று அசோசியேஷனில் போர்டு வேறு வைத்திருந்தார்கள். அதையும் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசாமல் அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். என் அக்கா ஒன்றும் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நாற்பது வருஷமாகத் தெரிந்தும் நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. சார்ட் காலி. இன்னும் இரண்டு மணி நேரம். வெனிலா ஐஸ்கிரீமாவது இறங்குமா என்று பார்க்கலாமென வேட்டி பனியன்மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா பையோடு லிஃப்ட் பக்கத்தில் நின்றாள். கிளம்புகிறேன் என்றாள், கொழந்தை முகம் தெளிஞ்சிருக்கு என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே உமா குளித்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீமைத் திறந்து ஒரு கப்பில் எடுக்கப் போனேன். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன். சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் இருக்கும் வாஷ்பேசின் முன்னால் தாரிணி நின்றாள். வாயைக் கொப்பளிக்கப் போனாளாம். பேசின் பாதி அளவுக்குச் சிவப்பு. கருஞ்சிவப்பு. அதற்கடியில் ஏதோ ஒரு துண்டு தெரிந்தது.

அவள் நெற்றியில் அதே சிவப்பில் ஒரு பொட்டு இருந்தது. இருபது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செய்தவன் கண்ணில் அது படவில்லை.

நான் அவளைத் தூக்கினேன். தூக்கியவன் இரண்டடி போய்த் திரும்பி வந்து, மேஜையில் இருந்த காலி கப்பில் அந்தச் சிவப்பைத் துண்டோடு அள்ளிக்கொண்டேன். சாம்பிள் இல்லாமல் எந்தக் குறையையும் நிரூபிக்க முடியாது, அது எங்கள் வேலையில் பாலபாடம். அள்ளும்போது பனியன் முழுக்கத் தெறித்தது. கார் சாவியை எடுத்தேன். சட்டையை எடுக்கவில்லை, போனை எடுக்கவில்லை, உமாவிடம் சொல்லவில்லை, கதவைச் சாத்தவில்லை. தாரிணி மட்டும் மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொண்டாப்பூரிலிருந்து பேகம்பேட் எவ்வளவு தூரம் என்று ஹைதராபாத்காரர்களுக்குத் தெரியும். வழியில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது என்றும் தெரியும். ஒன்றிலும் நிறுத்தவில்லை. வெட்டினவன்தான் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு என் கொள்கை.

பின் சீட்டில் மணி அடிக்க ஆரம்பித்தது. நாலு தடவை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஐந்து தடவை. மாதாப்பூர் தாண்டுவதற்குள் நிற்காமல் அடித்தாள். என் ஏற்பாட்டில் மூன்றுக்கு மேல் எதுவும் கிடையாது. அதனால் மூன்றையும் தாண்டிய வலி என்று முடிவு கட்டி ஆக்சிலேட்டரை மிதித்தேன். கண்ணாடியில் அவள் வாயைத் திறப்பது தெரிந்தது. “பேசாத. வாயைத் தொறந்தா ரத்தம் வரும்” என்று அதட்டினேன். மூடிக்கொண்டு முன்னைவிடப் பலமாக அடித்தாள். பஞ்சாகுட்டாவில் பைக்குகள் ஒதுங்கி வழிவிட்டன. உள்ளே சாமி ஏதோ போகிறது என்று நினைத்தார்கள்போல. ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எமர்ஜென்சிக்குள் நுழைந்து கத்தினேன். எனக்குப் பதற்றம் வந்தால் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றும் ஒன்றாக வரும். சின்ன வயசு டாக்டர் ஒருவர் ஓடிவந்து தாரிணியைப் படுக்கவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பப் பார்த்தார். ரத்தம் எதுவும் இல்லையே, சுத்தமாக இருக்கிறதே என்றார். எனக்குக் கோபம் வந்தது. எத்தனை பேர் என் ஃபேக்டரியில் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். கப்பை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். பாருங்கள், தொண்டைப் பொருக்கே பிய்ந்து வந்துவிட்டது என்றேன்.

அவர் முகம் மாறியது. கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதை லேபுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பின்னால் ஒரு நர்ஸ் வந்தார், ஐம்பது வயதிருக்கும். கப்பை வாங்கி முகர்ந்தார்.

“இதி ஹாரத்தி நீள்ளு சார்” என்றார். இடுக்கியைக் காட்டி, “அதி தமலப்பாக்கு.”

ஆரத்தித் தண்ணீர். வெற்றிலை. மேலே கற்பூரம் எரிந்து கருகிய வெற்றிலை. பேசினில் தண்ணீர் இறங்காமல் அடைத்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

டாக்டர் மெதுவாக இடுக்கியைக் கீழே வைத்தார். தாரிணி என்னைப் பார்த்து நாலு தடவை நிதானமாக மணி அடித்தாள். அப்போதுதான் புரிந்தது. தண்ணீருக்கு மணி வைத்தேன், பாத்ரூமுக்கு வைத்தேன், வலிக்கு வைத்தேன். ‘இல்லை’ என்று சொல்ல நான் மணி வைக்கவே இல்லை.

ஆனால் விஷயம் முடியவில்லை. கடைசியாக எப்போது குடித்தாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. சரி, வந்தது வந்தாகிவிட்டது, ட்ரிப் ஏற்றிவிடுவோம் என்றார். தாரிணி நர்ஸின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகப் பேசினாள். குரல் கிழிந்த காகிதம் மாதிரி வந்தது.

“மா நான்ன பயட்டிக்கி வெள்தே தாகுதா.”

எங்கப்பா வெளியே போனால் குடிக்கிறேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். வாசலைக் காட்டினார். தாரிணி மணியையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். சாம்பிளையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

வேட்டி, சிவப்புத் தெறித்த பனியன், ஒரு கையில் மணி, ஒரு கையில் வெற்றிலை மிதக்கும் ஆரத்தி. வாசலில் ஒரு தெலுங்குக் குடும்பம் பச்சைக் குழந்தையோடு காருக்குக் காத்திருந்தது. அதில் பெரியவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “பந்துலுகாரு” என்று கும்பிட்டார். நான் புரோகிதன் இல்லை, குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்றேன். அவர் கேட்கவில்லை. நல்ல நேரம் முடிகிறது, கையில் எல்லாம் தயாராக இருக்கிறதே, சுற்றிவிடுங்கள் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார். எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. மூன்று சுற்றுச் சுற்றினேன். மணியும் அடித்தேன். பொட்டு மட்டும் வைக்கவில்லை. அது எங்கிருந்து அள்ளியது என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. செக்யூரிட்டி முறைத்தான். பக்கத்தில் விசிட்டர்களுக்கு ஒரு வாஷ்பேசின் இருந்தது. கொட்டினேன். (இதை மறைக்க மாட்டேன். எப்படியும் என் பெண்டாட்டி சொல்லிவிடுவாள்.) நாலடி நடப்பதற்குள் பின்னால் ஒரு அம்மா, ரத்தம் என்று அலறினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். நர்ஸ் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தாரிணி பக்கம் திரும்பக்கூட இல்லை. தாரிணி காலை ஆட்டிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒவ்வொரு வாயாக, முகத்தைச் சுளித்துச் சுளித்து, விழுங்கினாள். காலி டம்ளரை அவளே நீட்டி இன்னொன்று வாங்கிக்கொண்டாள். யாரும் அளக்கவில்லை, டிக் போடவில்லை. ட்ரிப் ஸ்டாண்டை ஒருவர் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

உமா ஆட்டோவில் என் சட்டையோடு வந்து இறங்கினாள். குளித்துவிட்டு வெளியே வந்து, திறந்த கதவையும் பேசினையும் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டதாம். குழந்தை குடிப்பதைக் கதவு வழியாகப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் என் பனியனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

சார்ட்டைக் கிழித்துப் போட்டேன். மணிக்கு நாலாவது விதியைச் சேர்த்தேன்: நாலு என்றால் இல்லை. தாரிணிக்கு இப்போது பதினேழு. தொண்டை நன்றாக இருக்கிறது, வேண்டிய அளவுக்குக் கத்துகிறாள். ஆனால் நான் இன்ஜினியரிங் என்று ஆரம்பித்தால் ஸ்பூனால் மேஜையில் நாலு தடவை தட்டுகிறாள். உமாவும் தட்டுகிறாள். அக்கா வீட்டுப் பேரன், நாலு வயசுப் பொடியன், அவன்கூட என்னைப் பார்த்துத் தட்டுகிறான்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன். அதற்குள் உமா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். “நான் கீழ கேட்டாண்டதான்டா கொட்டினேன். பேசின்ல கொட்டற பழக்கம் உனக்குத்தான் இருக்கு, ஆஸ்பத்திரியிலயே கொட்டியிருக்க” என்றாள். எட்டு வருஷமாகக் கல்யாணப் பந்திகளில் ஓடுவது இந்தக் கதைதான். இரண்டு பேசினும் என் கணக்கில்.

சாந்தா அக்கா, இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். எல்லாரும் படிப்பார்கள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனை அன்றைக்கே கேட்டேன். தட்டோடு யாரும் கீழே வரவில்லை என்றார். தாரிணியைக் கேட்டால், அத்தையைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சிரிக்கிறாள். நீ பேசினில் கொட்டவில்லையென்றால் அவள் காட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது? என் பேசினை நான் ஒத்துக்கொண்டேன். உன் பேசினுக்கு நீ பதில் சொல். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், உமாவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். குரூப்பில் சொல். எழுதக் கூச்சமாக இருந்தால் உன் வீட்டுப் பூஜை மணியை எடுத்து வாய்ஸ் மெசேஜில் அடி. பேசினில் கொட்டினாய் என்றால் ஒரு தடவை. இல்லையென்றால் நாலு தடவை.

அடி பார்க்கலாம்.