முசே வீட்டு ஒயர்

கல்யாணப் பத்திரிகை வந்த அன்று முசே வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: முசே. அவர் சம்சாரம். சம்சாரத்தின் தம்பி, அதாவது பக்கத்து வீட்டு மச்சான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். ஒயர்மேன் நான்.

எங்கள் ஊர் கோவில்பத்தில் ஒயரை முசே அளவுக்கு நம்பியவர் எவரும் கிடையாது. எனக்குச் சோறு போட்டதே ஒயர்தான். எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசே; ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் பிரான்சுக்குப் போய்விட்டு இரண்டு கம்ப்யூட்டரோடு திரும்பினார். சின்னதுதான். டிவியில் மாட்ட வேண்டும். அடித்ததை டேப்ரிக்கார்டரில் பதிய வேண்டும். கேசட்டை ஓடவிட்டால் கீ என்று கத்தும். ஒன்று அவருக்கு. ஒன்று பக்கத்து வீட்டு மச்சானுக்கு.

"இங்க உள்ளது அங்க போவணும், அங்க உள்ளது இங்க வரணும். ஒயர் இழு தம்பி."

"கேசட்ட கையில கொண்டுபோய்க் குடுத்தா ஆவாதுங்களா?"

"நடக்குறதுக்கா கம்ப்யூட்டர் வாங்கியாந்தேன்?"

மைக்செட் ஒயரைக் கொல்லைவழியாக இழுத்தேன். துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டினேன். அது என் தப்பு. முதல் நாளே மச்சான் சம்சாரம் ஈரப்புடவையைப் போட்டது. ஒயர் பிடுங்கிக்கொண்டது. பாதிதான் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து, அனுப்புகிற நேரமான வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொடியில் துணி போடக்கூடாது என்று முசே சட்டம் போட்டார்.

"ஏன், கம்ப்யூட்டரு வெள்ளிக்கெழம வெரதமா?" என்று கேட்டது அந்த அம்மா.

அனுப்புகிற முறை இது. முசே மதிலுக்கு மேல் கத்துவார்.

"மாப்ள, விடுறேன்!"

"விடுங்க அத்தான்!"

"வருதா?"

"வருது!"

"முழுசா வருதா?"

தெருக்கோடி வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்கு விஷயத்தையே சொல்லிவிடலாம்.

சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடியது. அழைக்க வேண்டியவர் பட்டியலை முசே கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்தார். தாளில் எழுதவில்லை. மூத்தவள் கல்யாணத்தில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனது. அவர் சாகும்வரை வாசற்படி மிதிக்கவில்லை. இந்தத் தடவை ஒருவரும் விட்டுப்போகக் கூடாது. வெள்ளிக்கிழமை ஒயர் வழியாக மச்சானுக்கும் ஒரு பிரதி போனது.

அடுத்த வாரம் பத்திரிகை அச்சாகி வந்தது. சீரியல் பல்புக்கு அளவெடுக்க நானும் போயிருந்தேன். முசே பட்டியல் கேசட்டைப் போட்டார். நாதஸ்வரம் கேட்டது.

"ரேடியோல நல்லா வாசிச்சாங்க, பதிஞ்சேன்" என்றது சம்சாரம். "கீ கீன்னு கத்துன கேசட்டுதானே, அத யாரு கேக்கப் போறா?"

முசே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் எத்தன சித்தப்பாவ வுடப்போறேனோ" என்றார்.

மச்சான் ஓடிப்போய்த் தன் கேசட்டைக் கொண்டுவந்தார். மூன்று தடவை போட்டார்கள். ஏறவில்லை. அந்த டேப்ரிக்கார்டரில் பதிந்ததை இது படிக்கமாட்டேன் என்றது.

முசே எழுந்தார். முகம் தெளிந்துவிட்டது.

"ஒயர் எதுக்குன்னு இப்ப தெரியுதா? ஓடு மாப்ள ஒன் வீட்டுக்கு. அங்க ஒன் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒயர்ல இங்க வுடு."

நான் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். உப்புக்காற்றில் ஜாயிண்ட் பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. முறுக்கினால் பொடிந்தது. இரண்டு முனையையும் சேர்த்துக் குறடால் கவ்வி நின்றேன்.

"வுடுறேன் அத்தான்!"

"தம்பி, தும்மாத!" என்றார் முசே.

சிவப்பெறும்பு காலில் ஏறியது. கடித்தது. நின்றேன்.

"வந்துட்டு! முழுசா வந்துட்டு!"

உள்ளே போனேன். டிவியில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. முசே ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது நீ. குடும்பத்தோட. போன வாரமே அடிச்சது."

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பக்கத்தில் இருந்த வரிசை எண்ணைப் படித்தேன்.

இருநூற்றுப் பதின்மூன்று.